மறைந்துபோன ஓர் எண்

குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடும் முன் யூடியூபைத் திறக்கிறோம். மிக்சி ஓடவில்லை என்றாலும் அதுதான். சொல்லிக்கொடுப்பவருக்கு வேலை தெரியுமா என்று கணிக்க ஒரு வழி இருந்தது: கவிழ்ந்த கட்டைவிரலுக்குப் பக்கத்தில் தெரிந்த ‘டிஸ்லைக்’ எண். 2021 நவம்பரில் அதைப் பார்வையாளர்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள். சிறிய சேனல்களைக் கூட்டமாகச் சேர்ந்து டிஸ்லைக் போட்டுத் தாக்குகிறார்கள் என்று நிறுவனம் காரணம் சொன்னது. அந்த வேதனை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் யூடியூபை நிறுவியவர்களில் ஒருவரான ஜாவெத் கரீமே, 2005இல் தான் ஏற்றிய முதல் வீடியோவின் குறிப்பைத் திருத்தி இந்த முடிவைக் கண்டித்தார். மின்சாரம், கேஸ், மருந்து பற்றிய வீடியோக்களிலாவது அந்த எண் திரும்ப வந்தாக வேண்டும். தவறான ஒயர் இணைப்பை நம்பிக் கைவைப்பவருக்கு உயிரே போகலாம். அதுவரை நான் செய்வது இது: வீடியோவைப் பார்த்து வேலையில் இறங்கும் முன் கருத்துப் பகுதியைத் திறந்து, புதியவை முதலில் வரும்படி மாற்றிக்கொள்கிறேன். செய்து பார்த்துத் தோற்றவர்கள் அங்கேதான் எழுதுகிறார்கள். கருத்துப் பகுதியையே மூடி வைத்திருக்கும் சேனல் என்றால், அதை நம்பி ஸ்க்ரூடிரைவரை எடுப்பதில்லை.