காயத்துக்கு முதலில் சிகிச்சை, கணக்கு பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலை செய்யுமிடத்தில் காயமுற்ற தொழிலாளர்களின் உரிமைகளைக் குறித்துத் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை முற்றிலும் நியாயமானது. ஆயினும், அவ்வுரிமை அவர்கள் கைக்கு எட்டும் காலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் பட்டறைகள் பொதுவாக இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வருவதில்லையாதலால், அங்குள்ளோருக்கு 1923-ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டமே கதியாக இருந்து வந்திருக்கிறது. வைத்தியத்துக்கு உண்மையில் ஆன செலவை முதலாளி ஈடுசெய்ய வேண்டுமென 2009-இல் அதில் திருத்தம் செய்தார்கள். ஆனால், செலவழித்த பின்னரே அதைத் திரும்பப் பெறலாம் என்றால், செலவழிக்கவே வகையற்றவர் என்ன செய்வார்? எங்கள் தெருவில், பிரஸ் மெஷினில் விரல்கள் நசுங்கிய இளைஞர் ஒருவர், ரத்தம் ஊறிய துண்டைச் சுற்றிய கையோடு தனியார் ஆஸ்பத்திரியின் பெஞ்சில் காத்திருக்க, அவருடைய மனைவி காதுத்தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொடுத்தனுப்பி, முன்பணம் கட்டிய பிறகே சிகிச்சை ஆரம்பமாயிற்று என்பதை நான் நேரில் கண்டேன்.

சாலை விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை நம் மாநில அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021-இல் தொடங்கப்பட்டது. அத்தகைய ஏற்பாட்டைத் தொழிற்கூட விபத்துகளுக்கும் விஸ்தரித்து, செலவான தொகையை முதலாளியிடமிருந்தோ காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தோ அரசு பின்னர் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பட்டறையின் வாயிலிலும், எந்த ஆஸ்பத்திரிக்குச் செல்வது, யாரிடம் முறையிடுவது என்ற விவரங்களைத் தமிழில் எழுதி வைப்பதையும் கட்டாயமாக்க வேண்டுமென்று தொழிலாளர் நலத்துறையைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்