சிக்கனோபதேசிகளுக்கு ஒரு மறுப்பு

உழைக்கிற காலத்திற் சேர்த்து வையாதவனே கடைசிக் காலத்திற் பிறர் கையைப் பார்க்கிறான் என்னும் உபதேசம் வல்வெட்டித்துறையில் மட்டுமன்றி வடமராட்சியெங்கும் வழங்கி வருகின்றது. இதை அடிக்கடி மொழிவோர் அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறி மாதந் தவறாது பென்சன் பெறுவோர். தம்முடைய சேமிப்பினாலன்றித் திறைசேரியினாற் போஷிக்கப்படும் அப்பெரியோர், கடையிற் கணக்கெழுதியும் தனியார் கம்பனியிற் குமாஸ்தா வேலை பார்த்தும் அறுபதை எட்டியவரை ஊதாரியென்று தூஷிப்பது நியாயமன்று.

இவ்வூர் மத்தியதர ஊழியர் சேமியாதவரல்லர். சீட்டுக் கட்டினார்கள், நகை செய்தார்கள், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வீடொன்று எழுப்பினார்கள். அந்த வீடோ மகளின் கலியாணத்தோடு சீதனமாக அவள் பெயருக்குப் போயிற்று. அப்படிப் போனதைக் குடும்பப் பொறுப்பென்று மெச்சிய அதே வாய்தான் பின்னர், "தனக்கென்று ஒன்றும் வைக்கவில்லையே" என்கிறது. எஞ்சியவற்றுள் எத்தனை 1987ஆம் ஆண்டு வடமராட்சிப் படையெடுப்பில் அழிந்தன, எத்தனை 1989 ஓகஸ்ற் 2ஆம் திகதி இந்தியப் படையினர் வைத்த தீயில் வெந்தன என்பதை யார் கணக்கெடுத்தார்? 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலைக் கட்டி, 1938இல் அது அமெரிக்காவைச் சென்றடையக் கண்ட இவ்வூரில், புயலிற் கலங் கவிழ்ந்தால் தண்டையலுக்குக் கடலோடத் தெரியாதென்று எவரும் சொல்வதில்லை.

யுத்தத்தை விட்டுவிடுவோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் தம் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்தல் வேண்டும். இது கட்டாயச் சேமிப்பு. ஊதாரியும் தப்ப முடியாதது. 2022ஆம் ஆண்டுக்கு அந்நிதி கொடுத்த வட்டி 9 வீதம். அவ்வாண்டு டிசம்பரிற் கொழும்பு விலைச்சுட்டி காட்டிய பணவீக்கமோ 57 வீதம். ஆகவே வருடத் தொடக்கத்தில் 100 ரூபாவாயிருந்த சேமிப்பு வருட முடிவில் 109 ரூபாவாக, 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானோ 157 ரூபாவாயிற்று. முப்பது வருஷச் சிக்கனத்தை ஒரே வருஷம் இவ்விதம் தின்றது. அதுவும் போதாதென்று 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கப் புகுந்த அரசு, திறைசேரி முறிகளின் பரிமாற்றத்திலிருந்து வங்கிகளை விலக்கிவிட்டு, ஓய்வுகால நிதிகளையோ இணங்காவிடின் 14 வீத வரி 30 வீதமாகும் என்னும் நிபந்தனையோடு அதற்குள் இழுத்தது. இதில் அந்தக் குமாஸ்தா செய்த துர்விரயம் யாது?

சேமிப்பு வேண்டாமென்பது என் வாதமன்று. நாணயத்தின் பெறுமதியைக் காக்கத் தவறிய அரசின் குற்றத்தையும், பங்கைச் செலுத்தாத முதலாளியின் குற்றத்தையும் முதியவரின் குணதோஷமாக மாற்றிக் காட்டுவதே எனக்கு உடன்பாடில்லை. ஒரேயோர் ஊழியர் வேலை செய்யும் கடையையும் மேற்கூறிய சட்டம் கட்டுப்படுத்தும். ஆதலால் கடைகளிலும் கம்பனிகளிலும் பணிபுரியும் இளைஞர்கள், தம் பெயரிற் சேமலாப நிதி கட்டப்படுகின்றதா என்று இப்பொழுதே விசாரித்து, கட்டப்படாவிடின் கூச்சமின்றித் தொழிற்றிணைக்களத்தில் முறையிடுவார்களாக.