கயிறு யார் காசில் வாங்கியது?

எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஜூன் பிறந்தால் ஒரு சண்டை நிச்சயம். லோனாவாலா பக்கம் எங்காவது ஒரு பையன் பாறையில் மாட்டிக்கொள்வான், மராத்தி சேனலில் படம் ஓடும், உடனே நம்ம ஆட்கள் தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். "கொழுப்பெடுத்துப் போறானுங்க, ஆளுக்கு 50,000 வசூல் பண்ணணும்" என்று ஒரு கட்சி. "மலைக்குப் போறதையே தடை பண்ணணும்" என்று இன்னொரு கட்சி. போன ஞாயிறு நானும் வாயைத் திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அங்கே நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கே.

முதலில் என் கதை. சில வருஷம் முன்னால் ஒரு ஜூலையில் எங்கள் கிளை ஆட்கள் குடும்பத்தோடு விசாபூர் கோட்டைக்குப் போனோம். மளவ்லி ஸ்டேஷனில் லோக்கலை விட்டு இறங்கி, பாஜே குகை வழியாக நடை. மழைக்காலத்தில் கோட்டைப் படிக்கட்டே அருவியாகிவிடும், அதில் ஏறுவதுதான் அங்கே விசேஷம். இறங்கும்போது மதுரைக்கார நண்பர் ஒருவரின் மகன் போட்டோ எடுக்க வழியை விட்டு நாலடி தள்ளிப் போனான். பாசி. சறுக்கிக்கொண்டு போய் கீழே ஒரு திட்டில் விழுந்தான். கணுக்கால் போச்சு. மூடுபனியில் அவன் குரல் கேட்கிறது, ஆள் தெரியவில்லை.

போலீசுக்கு அடித்தோம், அவர்கள் உள்ளூர்க் குழு ஒன்றுக்குச் சொன்னார்கள். எட்டரை மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், நெற்றியில் விளக்கு, தோளில் கயிறு. ஒருவர் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்திருந்தார். இன்னொருவருக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட். கயிறு கட்ட நல்ல இடம் தேடவே முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு பிடிமானத்தை மட்டும் நம்ப மாட்டார்கள், இரண்டாவதாக ஒன்று பார்த்து இரண்டிலும் கட்டி, இழுத்துப் பார்த்த பிறகுதான் ஒருவர் இறங்குகிறார். (எங்கள் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள் என்று வைத்திருக்கிறோமே, அதே கணக்கு.) பையனை ஸ்ட்ரெச்சரில் கட்டி, தோள் மாற்றித் தோள் மாற்றி, கிராமத்துக்கு வந்து சேரும்போது மணி இரண்டு. நான் பர்ஸை எடுத்தேன். "சஹா சாலேல்" என்றார் அவர்களில் பெரியவர். டீ போதுமாம்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பையனின் அப்பா கேட்டார்: "கேமரா பை மேலேயே கிடக்குதாம் சார், அதையும் எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?" கூரியர்காரனைக் கேட்கிற மாதிரி! அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? லோனாவாலாவில் ஷிவ்துர்க் மித்ர என்று ஒரு குழு இருக்கிறது. 2024 ஜூன் 30 அன்று பூஷி அணைப் பக்கத்து அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேர் அடித்துச் செல்லப்பட்டார்களே, தண்ணீரில் தேடியவர்களில் அவர்களும் உண்டு. 2023 ஜூலை 19 இரவு ராய்கட் மாவட்டம் இர்ஷால்வாடியில் மலை சரிந்தபோது மேலே போக ரோடே கிடையாது, இயந்திரம் ஏற்ற வழியில்லை. இருட்டில், மழையில் நடந்து ஏறியவர்களில் சுற்றுவட்டார மலையேற்றக் குழுக்காரர்களும் இருந்தார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 5ஆவது பட்டாலியன் புனேவுக்குப் பக்கத்தில் சுதும்பரேயில்தான் இருக்கிறது, வெள்ளம், நிலச்சரிவு என்றால் வருகிறார்கள். ஆனால் பாறையில் தொங்கும் ஒற்றைப் பையனுக்கு முதல் போன் உள்ளூர்க்காரனுக்குத்தான் போகிறது.

சரி, வசூல் கட்சிக்கு வருவோம். 50,000 என்று போர்டு வைத்தால் என்ன ஆகும்? நாலு மணிக்கு விழுந்தவன் நாலு மணிக்குப் போன் பண்ண மாட்டான். நாமே இறங்கிவிடலாம், அப்பாவுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று ஆறரை வரை பார்ப்பான். அதற்குள் இருட்டு, நனைந்த உடம்பில் நடுக்கம், இன்னும் இரண்டு பேர் சறுக்கியிருப்பார்கள். பகலில் முடிய வேண்டிய வேலை ராத்திரி வேலையாகும். அபராதத்தைக் கட்டுவது பையன், ஆபத்தைச் சுமப்பது கயிற்றில் இறங்குகிறவன். இங்கிலாந்திலும் மலை மீட்பு தன்னார்வலர்கள் வேலைதான், விழுந்தவனுக்குப் பில் போடுவதில்லை. அவர்களுக்குக் கணக்குத் தெரியாதா என்ன?

தடைக் கட்சியிடம் அதிகம் பேச ஒன்றுமில்லை. பூஷி அணைக்குப் பிறகும் மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போட்டது. நம்ம ஊர்க் குரங்கணியில் 2018 மார்ச் 11 தீயில் 23 உயிர் போன பிறகு விதிகள் வந்தன, வர வேண்டியதுதான். ஆனால் அந்த ராத்திரி முதலில் மேலே ஏறியவர்கள் ஊர்க்காரர்கள். அவர்களிடம் என்ன இருந்தது? கம்பளிப் போர்வை! விதிப் புத்தகம் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்காது சார்.

இப்போது என் தொழில் சமாச்சாரம். இர்ஷால்வாடிக்கு ஏறும் வழியிலேயே தீயணைப்பு அதிகாரி ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். அரசு ஊழியர், அந்தக் குடும்பத்துக்குப் போய்க் கேட்க ஒரு வாசல் உண்டு. அதே வழியில் ஒரு தன்னார்வலர் விழுந்திருந்தால்? எங்கள் கவுன்டரில் பிரதமர் சுரக்ஷா பீமா இருக்கிறது, வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். நல்ல திட்டம், நானே நூற்றுக்கணக்கில் சேர்த்திருக்கிறேன். ஆனால் கால் உடைந்து மூன்று மாசம் கடையைத் திறக்க முடியாவிட்டால் அதில் ஒரு பைசா வராது. தனியார் விபத்து பாலிசி எடுக்கலாமே என்றால், பலவற்றில் மலையேற்றம், கயிறு என்றாலே விலக்குப் பட்டியல். அப்படியானால் இவர்களுக்கென்று பேசி ஒரு குழு பாலிசி வாங்க வேண்டும், வருஷா வருஷம் பிரீமியம் கட்ட வேண்டும். கயிறும் சாசுவதம் இல்லை, தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டும். அரசாங்கம் கட்டட்டும் என்பீர்களா? கட்டட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அது வரைக்கும்?

வருஷா வருஷம் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்ற நடுவரை விமானத்தில் அழைத்து வருகிறோம். நான் ரசித்துக் கேட்பவன்தான், குறை சொல்லவில்லை. போன மாசச் சங்கக் கூட்டத்தில், அந்தச் செலவில் பாதியை மீட்புக் குழு இன்சூரன்சுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு தீர்மானம் வைத்தேன். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அவங்கள்ல நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா சார்?"

"தூக்கிட்டு வந்தது நம்ம பையனை" என்றேன். தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். இரண்டாவது ஞாயிறு, காலை பத்தரை. புனேவில் இருக்கிறவர்கள் வந்து கை தூக்குங்கள். கேமரா பை நண்பருக்கும் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.