வயிறு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை



வியாழக்கிழமை பொழுது விடியுமுன்னே அய்யலூர் விழித்துக்கொள்கிறது. திண்டுக்கல், திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய இவ்வூரின் ஆட்டுச் சந்தைக்கு அண்டை மாவட்டங்களிலிருந்தும் வியாபாரிகள் வந்து கூடுகின்றனர். ஆடு வாங்குகிறவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். முதுகைத் தடவிப் பார்க்கிறார். ஒழுங்காகத் தீனி எடுக்கிறதா என்று விசாரிக்கிறார். வாயில்லா உயிரைக் கவனித்து அறியும் கலை நம் மக்களுக்குக் கைவந்தது. அக்கவனத்தில் ஒரு பங்கேனும் நம் வீட்டுச் சிறுவர்மேல் விழுகிறதா என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

மூன்றாம் வகுப்பில் பயிலும் பிள்ளை காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்கிறது. விடுமுறை நாளில் அவ்வலி வருவதில்லை. உடனே நாம் அதனைப் பொய் என்று தீர்ப்பிட்டு, கையைப் பிடித்து இழுத்துச் சென்று பள்ளியில் விடுகிறோம். முதலில் மருத்துவரிடம் காட்டுவது நம் கடமை. உடலில் நோய் இல்லை என்று அவர் சொன்னாலும் வலி பொய்யாகிவிடுவதில்லை. அச்சத்தையும் அவமானத்தையும் எடுத்துரைக்க எட்டு வயதில் சொற்கள் போதா. ஆகவே உள்ளத்தின் துயரை உடல் பேசுகிறது. உண்ண மறுப்பது, உறக்கத்தில் அலறுவது, காரணமின்றித் தம்பி தங்கையை அடிப்பது ஆகியவையும் அத்தகைய பேச்சாக இருக்கலாம்.

பள்ளியில் நேர்ந்தது என்ன? பெரும்பாலும் ஒரு பட்டப்பெயராக இருக்கும். நிறத்தையோ, திக்குவாயையோ, தந்தையின் தொழிலையோ, சாதியையோ சுட்டி ஒருவன் அழைக்க, மற்றவர் சிரித்திருப்பர். அழைத்தவனும் சிறுவனே. அச்சொல்லை அவன் எங்குக் கற்றான்? பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில்தான்.

2023 செப்டம்பரில் அண்டை மாவட்டமாகிய கரூரில், வேலஞ்செட்டியூர்த் தொடக்கப்பள்ளியில் நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. அரசின் காலை உணவைச் சமைத்தவர் பட்டியலினப் பெண் என்பதற்காகப் பெற்றோர் சிலர் தம் மக்களை உண்ண விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று, அவர் சமைத்த உணவைத் தாமும் உண்டார். அந்த உணவில் பிள்ளைகள் தாமாக என்ன குறை கண்டிருப்பர்? குறையைக் கற்பித்தவர் பெரியோர். இத்திட்டம் 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டதால், நம் மறைமாவட்டப் பள்ளிகள் பலவற்றிலும் பிள்ளைகள் ஒரே பந்தியில் அமர்கின்றனர். ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நம் இல்லங்களில் சாதிப் பேச்சு எழுவதில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா?

மற்றொரு பழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில், "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஐயா" என்று ஆசிரியரிடம் சொல்லி வருகிறவர் இன்றும் உளர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்துள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, அச்சொல்லைக் கேட்டு நிற்கும் பிள்ளை, தனக்கு இழைக்கப்படும் எக்கொடுமையையும் வீட்டில் சொல்லிப் பயனில்லை என்றன்றோ முடிவு செய்யும்? பின்னர் உண்மையாகவே தீங்கு நேரும்போதும் அது வாய் திறவாது.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? முதலாவது, நாள்தோறும் கால் மணி நேரம் பிள்ளைக்குச் செவிகொடுத்தல். சந்தைக்கும் தோட்டத்திற்கும் இருட்டிலேயே புறப்படும் பெற்றோர், இரவு உணவின்போதேனும் "இன்று யாரோடு விளையாடினாய்?" என்று கேட்கலாம். மதிப்பெண்ணைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, பிள்ளை குறை சொன்னதும் சண்டைக்குக் கிளம்பாமல், முழுவதும் கேட்டபின் ஆசிரியரிடம் அமைதியாகப் பேசுதல். பெருந்தீங்கு நேர்ந்ததெனில் 1098 என்ற எண்ணுக்குத் தயங்காமல் தெரிவித்தல். மூன்றாவது, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பங்களுக்கு அடிக்கடி நினைவூட்டிய மூன்று சொற்களை, அதாவது அனுமதி கேட்டல், நன்றி கூறல், மன்னிப்புக் கோரல் ஆகியவற்றை, நாமே முதலில் வீட்டில் வழங்குதல். கோபத்தில் அடித்துவிட்ட தந்தை மகனிடம் "நான் செய்தது தவறு" என்று சொல்வதால் அவர் மதிப்புக் குறையாது. மன்னிப்புக் கேட்கும் வழியை மகன் அன்று கற்றுக்கொள்வான்.

சிறுவரைத் தம்மிடம் வரவிடாது சீடர் தடுத்தபோது இயேசு பிரான் சினமுற்றார் என்று மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் உரைக்கிறது. பின்னர் அவர்களை அணைத்து ஆசி வழங்கினார். இன்றிரவு நம் குடும்ப செபமாலை முடிந்ததும், பிள்ளையை அருகழைத்து அதன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவோம். வரைந்த கையை உடனே எடுத்துவிடாமல், அது ஏதேனும் சொல்ல வருகிறதா என்று சற்றே காத்திருப்போம்.