தோற்றது கடவுளா, கூற்றா?

பென்சனின் பிரார்த்தனை ஆய்வோடு கடவுளின் கதை முடிந்துவிட்டதாக நண்பர் எழுதியிருக்கிறார். ஆய்வை முழுதாகப் படித்தாரா என்று சந்தேகமாக இருக்கிறது.

ஹெர்பர்ட் பென்சன் குழுவினரின் அந்த ஆய்வு 2006இல் வெளியானது. அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரைப் பற்றியது. தமக்காக யாராவது ஜெபிக்கிறார்களா என்று தெரியாமலே இருந்தவர்களில், ஜெபம் பெற்றோரில் 52 சதவீதத்தினருக்கும் பெறாதோரில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களிலோ 59 சதவீதம்! (கடவுள் இருக்கிறார், ஆனால் கோபக்காரர் என்று நண்பர் ஏன் முடிவுகட்டவில்லையோ?)

முன்பின் தெரியாதவர்கள் பெயர் சொல்லி 14 நாள் ஜெபித்தால் சிக்கல் குறையும் என்ற கூற்று பொய்த்தது. அவ்வளவுதான். ஜெபம் 'பெறாத' நோயாளியின் மனைவி வீட்டில் மண்டியிட்டிருந்தால் எந்த ஆய்வாளரால் தடுக்க முடியும்? மருந்தைச் சோதிக்கும் முறையில்தான் ஜெபத்தையும் சோதித்தார்கள்; ஆனால் மருந்துக்குச் சொந்த விருப்பம் கிடையாது. கேட்கவும் மறுக்கவும் உரிமையுள்ளவராகச் சொல்லப்படும் ஒருவரை அதே தராசில் எப்படி நிறுப்பது?

பக்தர்கள் கைதட்ட வேண்டாம். முடிவு 40 சதவீதம் என்று வந்திருந்தால் மேடைதோறும் முழங்கியிருப்பீர்கள். வென்றால் சான்று, தோற்றால் 'கடவுளைச் சோதிக்காதே' என்பது அழுகுணி ஆட்டம்.

நண்பரே, ஜெபத்தால் நோய் தீர்ப்பதாகக் காசு வாங்குகிறவர்களிடம் இந்த எண்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அங்கே இவை செல்லும். கடவுள் இல்லை என்பதற்கு வேறு வாதம் தேடுங்கள்.