வயலில் கிடந்த படகு

1892இல் அமெரிக்காவின் ஃபேர்ஹேவனில், வயலில் கிடந்த பழைய பாய்மரப் படகு ஒன்று மாலுமி ஜோஷுவா ஸ்லோகமுக்கு இனாமாகக் கிடைத்தது. இனாம் என்றதும் மயங்க வேண்டாம். ஓக் மரம் வெட்டி, அடிக்கட்டையிலிருந்து பலகைவரை புதிதாகக் கட்டினார். 13 மாத உழைப்பு, 553.62 டாலர் செலவு. ‘ஸ்ப்ரே’ என்ற அந்தப் படகில்தான் 1895 முதல் 1898 வரை தனியாளாக உலகைச் சுற்றினார்.

இன்று பழைய படகு வாங்கும் பலர் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். மெத்தைக்கும் மின்னணுத் திரைக்கும் முதல் செலவு. பாய்மரத்தைத் தாங்கும் துருப்பிடித்த கம்பிகள் அப்புறமாம்! நடுக்கடலில் பாய்மரம் முறிந்தால் மெத்தை எதற்கு?

பழசு என்பதே குறையல்ல. 2012இல், 16 வயதில் தனியே உலகைச் சுற்றிமுடித்த லாரா டெக்கரின் படகும் 1970களில் கட்டிய பழசுதான்.

ஆகவே கையிருப்பில் பாதியைப் பழுதுபார்க்க ஒதுக்கிவிட்டு, மீதிக்கு விலை பேசுங்கள்.