செய்தி முடிந்த இடத்தில் நாவல்

செய்தியாளர் வேலையை விட்டுவிட்டு நாவல் எழுதப் போகலாமா என்று இளம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். போங்கள் என்றே சொல்கிறோம். ஆனால் குறிப்பேட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கீழவெண்மணியைப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. செய்தித்தாளுக்கு அதோடு விஷயம் முடிந்தது. எரிந்தவர்களின் உறவுகளுக்கு முடியவில்லை. நாவலுக்கு அங்கேதான் வேலை இருக்கிறது.

அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதும் முக்கியம். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். நிலக்கிழாரின் ஆண்மைக் குறையை அது முன்னால் வைத்ததில் கூலியும் சாதியும் பின்னுக்குப் போயின என்ற விமர்சனம் இன்றும் உண்டு. 'தி தலித்' இதழின் ஆசிரியராக இருந்த மீனா கந்தசாமி, 2014இல் 'தி ஜிப்சி காடஸ்' என்ற ஆங்கில நாவலில் அதே வெண்மணியை எழுதினார். மனுவும் துண்டறிக்கையும் அந்தக் கதைக்குள்ளேயே வந்தன. இதழில் பழகிய கை அது.

கற்பனை என்பது சரிபார்ப்புக்கு விடுப்பு அல்ல, தோழர்களே. இன்று எவரும் பதிவு செய்யாத வன்கொடுமை, நாளைய நாவலுக்கும் கிடைக்காது. செய்தி அறைகளில் நம்மவர்கள் ஏற்கெனவே குறைவு. ஆகவே கிளம்பும் முன், உங்கள் நாற்காலியில் நம் சேரிப் பிள்ளை ஒருவரை உட்காரவைக்கப் போராடிவிட்டுப் போங்கள்.